அரை நிமிடம் முந்தி ஊதிய சங்கு

டோல்மன் ஊரில் பொறாமைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வயலில் கோதுமை ஒரு விரற்கடை உயரமாக நின்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத ஜனங்கள் நாங்கள். ஆனாலும் ஓரெஸ்ட் பிலிப்சுக்கின் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் எங்களுடையதெல்லாம் வெறும் நெஞ்சுக் கரிப்பு. இரண்டு குளிர்காலம் நின்று எரிந்தது அது. வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தபோதும் அணையவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. நெடுஞ்சாலை ஊருக்குள் திரும்பும் இடத்தில் டயர் கடை வைத்திருந்தான். பனிப்புயலில் யாருடைய வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் முதலில் போய் நிற்பது அவனுடைய டிரக்தான். இழுத்துப் போட்டதற்குக் காசு கொடுத்தால் திட்டுவான். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு கர்வம். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஊரே தன் வீட்டு பேஸ்மென்டில் இருக்கும் என்பது.

ஐஸ் ஹாக்கி பார்க்கத்தான். மாகாணத் தலைநகரத்து அணியை நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; 'நம்ம பசங்க' என்போம். காசில்லாமல் வரும் சேனலில் சனிக்கிழமை தவறாமல் நம்ம பசங்க ஆட்டம் வரும். ஓரெஸ்ட் தன் வீட்டுக் கூரையைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு இரும்புக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தான். காற்று எப்படி அடித்தாலும் படம் அசையாது. மாதா கோயில் கூடத்திலிருந்து இரவல் வாங்கிய மடக்கு நாற்காலிகளை அவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கேட்க வேண்டிய பாதிரியாரே அதில் ஒன்றில்தான் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் முன்னால் கம்பளத்தில் குப்புறப் படுத்துக் கிடக்கும். ஓரெஸ்டின் மனைவி வெர்னா உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளை வெங்காயத்தோடு வதக்கிப் பெரிய தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொள்வாள். அவள் இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது. இளவயதில் ஊர்ப் பெண்கள் அணிக்குக் கோல் காத்தவள். எங்கள் எல்லோரையும்விட ஆட்டம் தெரிந்தவள்.

அப்புறம் சங்கு. ஊர் ஐஸ் அரங்கத்தில் புதிய ஸ்கோர் பலகை மாட்டியபோது, கோல் விழுந்தால் ஊதும் பழைய சங்கைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதை ஓரெஸ்ட் தூக்கிவந்து தன் கராஜின் வெளிச்சுவரில் தெருவைப் பார்த்து மாட்டி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரோடு இணைத்துவிட்டான். நம்ம பசங்க கோல் போட்டதும் பேஸ்மென்டிலிருந்து படியேறி கராஜுக்கு ஓடிப் பொத்தானை அழுத்துவான். ஊரின் கடைசி வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவனுக்கும் சேதி போய்ச் சேரும். மூச்சிரைக்கத் திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கோலைப் போட்டதே அவன்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரு இலையுதிர் காலத்தில் ஒளிபரப்பு உரிமை கைமாறியது. யாரோ பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். ஆட்டம் இனிமேல் உங்களுக்கு இன்னும் நெருக்கமாக வரும், நாடு முழுக்க ஹாக்கி வளரும் என்று விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தாள். நாங்களும் நம்பினோம். அந்த வருடத்து முதல் சனிக்கிழமை ஓரெஸ்டின் பேஸ்மென்ட் நிரம்பியது, டிவியைப் போட்டான், கிழக்கே எங்கோ இருக்கும் டொராண்டோ நகரத்து அணி வந்தது. மறு சனிக்கிழமையும் டொராண்டோ. நம்ம பசங்க ஆட்டம் எல்லாம் மாதச் சந்தா கட்டினால் இணையத்தில் வரும் என்றார்கள். நாங்கள் மரியாதைக்கு உட்கார்ந்து டொராண்டோவைப் பார்த்தோம். ஓரெஸ்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருக்கும் நெஸ்டர் ஹாலுஷ்காதான் முதலில் வாயைத் திறந்தான்.

"டேய் ஓரெஸ்ட், இது யாரோ முகம் தெரியாதவன் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டற மாதிரி இருக்குடா."

எல்லோரும் சிரித்தார்கள். ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. தன் ஊர் அணியைத் தன் வீட்டில் உட்கார்ந்து பார்க்க எவனோ ஒருவனுக்கு மாதாமாதம் கப்பம் கட்ட மாட்டேன் என்று எழுந்து நின்று சொன்னான். நாங்களெல்லாம் கை தட்டினோம். கைதட்டல் வாங்கிய சபதத்திலிருந்து மனிதன் பின்வாங்குவது கஷ்டம். அதுதான் அவன் செய்த தப்பு என்று இப்போது தோன்றுகிறது. தனியாக, கண்ணாடி முன்னால் நின்று சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பான்.

எதிர்வீட்டுக் கெல்வின் ஃப்ரீசன் அப்படி எந்தச் சபதமும் எடுக்கவில்லை. விதையும் உரமும் விற்பவன். ஓரெஸ்டைவிடப் பதினைந்து வயது இளையவன். ஊருக்கு வந்து ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவன் சந்தா கட்டினான். மூன்று வண்டி நிற்கும் தன் கராஜில் ஹீட்டர் போட்டு, சுவர் அகலத்துக்கு ஒரு திரையை மாட்டினான். வீடு வீடாகப் போய் எல்லோரையும் கூப்பிட்டான். முதலில் கூப்பிட்டது ஓரெஸ்டைத்தான். கெல்வின்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் ஓரெஸ்டின் பெரிய கஷ்டம். அவன் கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நெஸ்டர் 'சும்மா திரை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வர்றேன்' என்று போனான். அடுத்த வாரம் பாதிரியார் போனார். கிறிஸ்துமஸுக்குள் ஓரெஸ்டின் பேஸ்மென்டில் நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. சனிக்கிழமை வந்தால் அவன் விளக்கை அணைத்துவிட்டு வாசல் அறை ஜன்னலோரம் நிற்பான். எதிரே யார் யார் வண்டி நிற்கிறது, யார் கையில் என்ன தட்டு என்று பார்த்துக்கொண்டிருப்பான். தன் வீட்டுக்கு ஒரு நாளும் எதையும் கொண்டுவராத நெஸ்டர், கெல்வின் வீட்டுக்குப் பீர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோது அவனுக்கு நெஞ்சு காந்தியது.

ஊரே போனதைக்கூடத் தாங்கிக்கொண்டான். வெர்னா கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. சந்தாவைத் தன் சம்பாத்தியத்திலிருந்தே கட்டிவிடுவதாகவும், அவன் வாயைத் திறக்க வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றும் அவள் சொன்னாள். அந்தச் சந்தா ஒரு வாசல் வழியாக உள்ளே வந்தால் தான் இன்னொரு வாசல் வழியாக வெளியே போய்விடுவேன் என்றான் அவன். கராஜில் ரேடியோ இருக்கிறது, ரேடியோவில் வர்ணனை வருகிறது, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள் என்றான்.

"கோல் காக்கறவனோட கால் எங்க இருந்துச்சுன்னு ரேடியோக்காரன் சொல்வானா? எனக்குப் பாக்கணும் ஓரெஸ்ட். உன் வீம்பை நீ வச்சுக்கோ. என் கண்ணை ஏன் கட்டற?"

அந்தச் சனிக்கிழமை அவள் பெரோகித் தட்டை ஈயத்தாளால் மூடி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவனுக்கென்று ஒரு கிண்ணம் அடுப்பின் மேல் வைத்திருந்தாள். அவன் அதைத் தொடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கெல்வின் ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டதும், உள்ளே ஒரு நல்ல நாற்காலியை அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்ததும் தெரிந்தது. திரைக்கு நேர் எதிரே.

அதன்பின் ஓரெஸ்டுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். வெர்னா சனிக்கிழமை தன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஊர் எக்கேடு கெட்டாலும் சரி. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவனால் முடியாது. அதனால் வேறு எல்லாவற்றையும் சொன்னான்.

சொல்வதற்கு விஷயமும் கிடைத்தது. அந்தக் குளிர்காலம் முடிந்து அடுத்த வருடத்துச் சிறுவர் அணிகளுக்குப் பேர் கொடுக்கும் நாளில் பிள்ளைகளே வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு அணி தேறவில்லை; பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். அரங்கத்துக் காப்பிக் கடையில் ஓரெஸ்ட் பிரசங்கம் செய்தான். சனிக்கிழமை கம்பளத்தில் படுத்துக்கொண்டு பார்த்த பிள்ளைகள்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. இப்போது சந்தா கட்டாத வீட்டுப் பிள்ளைக்கு நம்ம பசங்களில் ஒருவனுடைய பேர்கூடத் தெரியாது. பேர் தெரியாத ஆட்டத்தை எந்தப் பிள்ளை ஆடும்? கம்பெனி வளர்கிறது, ஹாக்கி தேய்கிறது. இப்படியெல்லாம் மேஜையைத் தட்டிப் பேசினான். சொன்னதெல்லாம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பேசும்போது அவன் கண் பிள்ளைகள் மேல் இல்லை. கெல்வினுடைய வண்டி வாசலில் வந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கெல்வின் அதைக் கேட்டான். கேட்டுவிட்டு, கேடுகெட்ட மனிதன், ஒப்புக்கொண்டான். ஓரெஸ்ட் சொல்வது சரிதான் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு, அடுத்த பருவத்தில் சனிக்கிழமை தோறும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தன் கராஜைத் திறந்துவிட்டான். சுடச்சுடச் சாக்லேட் பால் வேறு. ஜனவரிக் கடைசிக்குள் அரங்கத்தில் பிள்ளைகள் கூட்டம் தாங்கவில்லை. பத்து வயது அணி மறுபடி எழுந்து நின்றது. புதிய சட்டைகளைக் கெல்வினே வாங்கிக் கொடுத்தான். முன்பெல்லாம் 'பிலிப்சுக் டயர்ஸ்' என்றிருந்த முதுகுகளில் இப்போது 'ஃப்ரீசன் விதைகள்' என்றிருந்தது. ஊரே சந்தோஷப்பட்ட அன்றைக்கு, அதற்காகவே தொண்டை வறளக் கத்திய ஓரெஸ்ட் மட்டும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். அவனுடைய நியாயத்தையும் கெல்வின் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த இரண்டாம் குளிர்காலத்தில்தான் ஒரு சனிக்கிழமை கராஜில் ரேடியோவைத் திருகி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். வர்ணனைக்காரர் கோல் என்று கத்தினார். ஓரெஸ்ட் எழுந்து, கையைப் பிசைந்து, மறுபடி உட்கார்ந்தான். அதற்கப்புறம் நிதானமாக ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்ட பிறகு எதிர் கராஜிலிருந்து ஆரவாரம் கேட்டது. முதலில் அவனுக்குப் புரியவில்லை. அடுத்த கோலுக்கும் அப்படியே நடந்தது. இணையத்தில் வரும் படம் சுற்றி வளைத்து வருகிறது. ரேடியோ நேரே வந்துவிடுகிறது. நடுவில் அரை நிமிடம். அந்த அரை நிமிடம், ஊரிலேயே ஓரெஸ்ட் ஒருத்தனுக்குத்தான் விஷயம் தெரியும்.

அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பை யாரும் பார்க்கவில்லை.

மறு சனிக்கிழமை கம்ப்ரசரைப் போட்டான். ரேடியோவில் கோல் விழுந்ததும் சங்கின் பொத்தானை அழுத்தினான். எதிரே கராஜில் திரையில் நம்ம பசங்க இன்னும் தங்கள் எல்லைக்குள்ளேயே ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் திரையில் கோல் விழுந்தபோது அதில் ருசியே இல்லை. முடிவு தெரிந்த கதையை உட்கார்ந்து கேட்பது போல இருந்தது. அந்த மாலையில் இன்னும் இரண்டு முறை ஊதினான். ஞாயிற்றுக்கிழமை நெஸ்டர் டயர் கடைக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க ஆட்டத்துக்கே சங்கு ஊதிட்டியேடா. உனக்கு என்னதான்டா வேணும்?"

ஓரெஸ்ட் ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டே, தான் எத்தனையோ வருடமாகக் கோலுக்குக் கோல் ஊதி வருவது ஊருக்கே தெரியும், புதிதாக ஒன்றும் செய்யவில்லையே என்றான். வீட்டில் ஒரே ஒரு தடவை, சாப்பாட்டு மேஜையில், வெர்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் உப்பை எடுப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கெல்வினும் வந்தான். கையில் பீர். சங்கைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை. "நீங்க இல்லாம அங்க ஏதோ குறையுது ஓரெஸ்ட். வெர்னாவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டே வச்சிருக்கேன், யாரையும் உட்கார விடறதில்ல," என்றான். தன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் தனக்கு இடம் கொடுக்க இவன் யார் என்று ஓரெஸ்டுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. டயர் கடையில் குளிர்காலத்தில் வேலை அதிகம், பார்க்கலாம் என்றான். பீரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான். குடிக்கவுமில்லை.

அவன் எதிர்பார்க்காதது அதற்கப்புறம்தான் நடந்தது. எதிர் கராஜ் கூட்டத்துக்குச் சங்கு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, பிடித்துப்போய்விட்டது. சங்கு ஊதியதும் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, யார் அடிக்கப் போகிறான், எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப் போகிறான் என்று கத்திப் பந்தயம் கட்டினார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு இரண்டு சாக்லேட் பால். அதில் பெரும்பாலும் ஜெயித்தது வெர்னா. கழிவறைக்குப் போக வேண்டியவர்களுக்கும் வசதியாயிற்று: சங்கு கேட்டால் ஓடிவந்தால் போதும். பக்கத்து ஊர்களிலிருந்துகூட, 'சங்கு ஊதும் கராஜ்' என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள். அரை நிமிடத் தாமதம் ஒரு குறையாக இருந்த இடத்தில், அதையே ஒரு வேடிக்கையாக்கிக் கொடுத்திருந்தான் ஓரெஸ்ட்.

இது அவனுக்கு நெஸ்டர் மூலமாகத் தெரிய வந்தபோது, உடம்பெல்லாம் கூசியது. கெல்வினுக்குப் பெரிய திரை இருந்தது, ஹீட்டர் இருந்தது, இப்போது காசில்லாமல் ஒரு சங்கும் கிடைத்துவிட்டது. ஊதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தான். ஒரு சனிக்கிழமை விட்டும் பார்த்தான். கோல் விழுந்து எதிரே ஆரவாரம் அடங்கியதும், "ஓரெஸ்ட் தூங்கிட்டான் போல" என்று யாரோ சொன்னதும் அதற்கு எல்லோரும் சிரித்ததும் தெருவைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சிரிப்பில் வெர்னாவின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. அடுத்த வாரம் மறுபடி ஊதினான். அவளுக்குத் தான் இருப்பது தெரிய அது ஒன்றுதான் வழி என்று ஆகிவிட்டிருந்தது.

பனி கரையத் தொடங்கியதும் நம்ம பசங்க கோப்பைச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். எதிரணி தெற்கே எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது. கோப்பைச் சுற்று என்றால் எங்கள் ஊர் ஆண்கள் சவரம் செய்வதில்லை, நம்ம பசங்க ஜெயித்த அன்று உட்கார்ந்த இடத்தை யாரும் மாற்றுவதில்லை, அணிந்த சட்டையைத் துவைப்பதில்லை. ஓரெஸ்டும் தனியாகத் தாடி வளர்த்தான். ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டம் பாக்கி நின்றது. அதை ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வைத்தார்கள். கிழக்கே பெரிய நகரங்களில் நிறையப் பேர் பார்க்கும் நேரம் அதுவாம். கம்பெனி அப்படிக் கேட்டதாம். பாதிரியார் பூசையைப் பாதியாகச் சுருக்கினார். விதைப்புக்கு வயலைத் தயார் செய்ய வேண்டியவர்கள் டிராக்டரை அப்படியே நிறுத்திவிட்டு வந்தார்கள்.

வெயில் நன்றாக அடித்ததால் கெல்வின் கராஜ் கதவை முழுக்க மேலே ஏற்றிவிட்டிருந்தான். ஓரெஸ்டும் தன் கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தான். தெருவில் பனி உருகிய சேறு. அதற்கு அப்பால் ஊரின் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. முன்வரிசையில் வெர்னா; அவள் பக்கத்தில் காலியாக ஒரு நாற்காலி. இரண்டு தரம் சங்கு ஊதினான், இரண்டு தரமும் எதிரே பந்தயக் கூச்சல் எழுந்து அடங்கியது. ஆட்ட நேரம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றது. இனிக் கூடுதல் நேரம். அதில் முதல் கோல் போடுபவன் ஜெயித்தவன். தோற்றவன் வீட்டுக்குப் போவான்.

அந்தக் கூட்டம் இனிமேல் திரைக்குக்கூடக் காத்திருக்காது என்று அவனுக்குத் தெரியும். சங்கு கேட்டால் அதுதான் முடிவு. ரேடியோவைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றான். வர்ணனைக்காரரின் குரல் ஏறியது, உடைந்தது. எதிரணி ஆள் ஒருவன் தனியாக வட்டோடு ஓடுகிறான் என்றார். அடித்தான் என்றார். அப்புறம், முடிந்தது என்றார்.

ஓரெஸ்ட் ரேடியோவைக் கீழே வைத்தான். இரண்டு வருட ஆசை எல்லாம் போயிற்று. தலையைத் தூக்கி எதிரே பார்த்தான். அவர்கள் இன்னும் நகத்தைக் கடித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஜெயித்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். தோற்றவன் அவன் ஒருத்தன்தான். அந்த அரை நிமிட நம்பிக்கைகூட அவர்களுக்குத்தான் கிடைத்தது, அவனுக்கு அதுவும் இல்லை. திரை அவர்களுக்கு, பிள்ளைகள் அவர்களுக்கு, வெர்னா அவர்களுக்கு. வயிற்றில் ஆரம்பித்த எரிச்சல் கைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினான். கம்ப்ரசரில் இருந்த காற்றெல்லாம் தீரும் வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தான்.

எதிரே கராஜ் வெடித்தது. நாற்காலிகள் சரிந்தன. நெஸ்டர் பாதிரியாரைத் தூக்கிச் சுற்றினான். பிள்ளைகள் தெருவுக்கே வந்து குதித்தார்கள். யாரும் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி மட்டும் வெளியே வந்தாள். காலில் வெறும் காலுறை. கோட்டு இல்லை. வலி பிடித்த முழங்காலோடு, சேற்றைப் பாராமல், தெருவைக் கடந்து ஓடிவந்து ஓரெஸ்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். இரண்டு குளிர்காலமாக அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். அவள் முதுகில் கை வைத்தான்.

அப்புறம் எதிரே சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. திரைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள், அவர்கள் வழியாக மற்றவர்கள். ஒரு பிள்ளை மட்டும், "ஆனா சங்கு ஊதிச்சே," என்றது. எல்லோரும் தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

வெர்னாவின் கைகள் மெதுவாக இறங்கின. அவள் ரேடியோவைப் பார்த்தாள். அதில் வர்ணனைக்காரர் தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

அவன் தலையாட்டினான். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்: "நீ வந்தல்ல."

வெர்னா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "எங்க ஓடற, இரு, இப்ப அடிக்கறதத் திரையில காட்டுவான்னு நெஸ்டர் கையப் பிடிச்சான்," என்றாள். "எனக்குப் பாக்க வேணாம், நான் என் புருஷன்கிட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். எல்லாரும் கேட்டாங்க ஓரெஸ்ட். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். காலுறை சேற்றில் ஊறிக் கறுத்திருந்தது.

"என் பூட்ஸ் அங்க இருக்கு. நான் இனிமே அந்த வாசல்ல எப்படிப் போய் நிப்பேன். நீ போய் எடுத்துட்டு வா."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

ஓரெஸ்ட் தெருவைக் கடந்தான். இரண்டு குளிர்காலத்தில் அந்தக் கராஜ் வாசலில் அவன் கால் வைத்தது அன்றைக்குத்தான். கூட்டம் விலகி வழி விட்டது. ஓரமாகக் கிடந்த பூட்ஸ் குவியலுக்கு முன்னால் குனிந்து வெர்னாவினுடையதைத் தேடினான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தன் பெண்டாட்டியின் பூட்ஸ் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. நெஸ்டர் கண்ணைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் கெல்வின் வந்து, குவியலிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, உள்ளே நுழைந்திருந்த சேற்றைத் தட்டிவிட்டு, அவன் கையில் கொடுத்தான். ஓரெஸ்ட் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். ஊரில் எவனுடைய டயர் எது என்று பார்த்ததும் சொல்லிவிடுவான் அவன். அது வெர்னாவுடையதுதான் என்று கெல்வினுக்குத்தான் தெரிந்திருந்தது.